அந்தி ஜெபத்தின் மூன்று மொழிகள்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்பகுதிச் சிற்றூர்களில், திருப்புறம் தொடங்கிப் பாறசாலை வரை, இரவு ஏழு மணியளவில் பல வீடுகளில் இன்றும் குடும்ப ஜெபம் நடக்கிறது. தொலைக்காட்சி அணைகிறது, பாய் விரிகிறது. அத்தகைய வீடொன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அது ஏதோ ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல; எல்லையோர வீடுகள் பலவற்றுக்கும் பொதுவான காட்சி. அம்மச்சியின் மடியில் ஓரம் தேய்ந்த தமிழ் வேதாகமம். மருமகளின் கையில் மலையாளச் 'சத்தியவேதபுஸ்தகம்'. ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்குக் கைப்பேசியில் ஆங்கில வேதாகமம். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். வேலை முடியும் நேரம் ஒத்துவந்தால் காணொளி அழைப்பில் வந்து சேர்ந்துகொள்வார்.

அன்றைக்கு வாசிக்க வேண்டியது 23-ஆம் சங்கீதம். மூவருக்கும் அது மனப்பாடம். ஆனால் முதற்சொல்லிலேயே மூவரும் பிரிகிறார்கள். அம்மச்சி 'கர்த்தர்' என்று தொடங்குகிறார். மருமகள் 'யஹோவ' என்கிறார். பேரன் 'லார்ட்' என்கிறான். பிறகு அம்மச்சி கண்களை மூடி நெடுநேரம் ஜெபிக்கிறார். மகனின் வேலை, மருமகளின் முட்டுவலி, அடுத்த வீட்டுப் பெண்ணின் பிரசவம், பேரனின் தேர்வு எல்லாம் அந்த ஜெபத்தில் பெயர் சொல்லி வருகின்றன. ஜெபம் முடிந்ததும் பேரன் கேட்கிறான்: "எந்தா அம்மச்சி பறஞ்ஞது?" அம்மச்சி என்ன சொன்னார் என்பதே கேள்வி. தனக்காக ஐந்து நிமிடம் கண்ணீரோடு மன்றாடப்பட்டது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவன் பெயர் மட்டும் நடுவில் ஒருமுறை காதில் விழுந்தது.

குடும்பங்கள் தம் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கச் சபை எவ்வாறு துணைநிற்கலாம் என்ற கேள்வி, இறையியல் கருத்தரங்குகளில் பெரும்பாலும் பாடத்திட்டம் பற்றிய கேள்வியாகவே எழுகிறது. எந்த நூலை வைப்பது, எத்தனை வகுப்பு நடத்துவது, யாரை ஆசிரியராக்குவது என்று பேச்சு அந்தத் தடத்திலேயே ஓடுகிறது. எல்லையோரத்து அந்தி ஜெபம் அதே கேள்வியை வேறொரு இடத்திலிருந்து கேட்கிறது. அம்மச்சிக்கும் பேரனுக்கும் இடையில் அறுந்துகொண்டிருக்கும் இழை எது, அதைச் சபை அறிந்திருக்கிறதா என்பதே அது.

மொழியியலில் இதற்கு இணையான ஒரு விவாதம் உண்டு. ஒரு மொழி எப்போது அழிகிறது, எதைச் செய்தால் பிழைக்கும் என்று ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன், 1991-இல் வெளியிட்ட நூலில் எட்டுப் படிநிலைகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். பல்கலைக்கழகம், அரசு அலுவலகம், ஊடகம் ஆகிய மேற்படிகளைக் காட்டிலும் ஆறாம் படிநிலையையே அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். வீடு, குடும்பம், அக்கம்பக்கம் ஆகியவற்றில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு இயல்பாக மொழியைக் கைமாற்றும் நிலை அது. அந்தக் கைமாற்றம் நின்றுவிட்டால், பள்ளியில் பாடமாக வைத்தாலும் வானொலியில் ஒலித்தாலும் அந்த மொழிக்குத் தாய்மொழிப் பேச்சாளர்கள் பிறப்பதில்லை. பள்ளி செய்யக்கூடியது துணை. வீட்டின் வேலையைப் பள்ளி செய்ய முடியாது.

இந்த இடத்தில் 'மொழி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்று வைத்தால் வாக்கியம் ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஞாயிறு பள்ளிக்கு அதில் ஒரு மணி நேரம். ஆராதனையையும் சேர்த்தால் மூன்று. எஞ்சியவை வீட்டிலும் பள்ளியிலும் டியூஷனிலும் கைப்பேசித் திரையிலும் கழிகின்றன. அந்த மூன்று மணி நேரத்தை எத்துணைச் செம்மையாக்கினாலும் மீதமுள்ள 165 மணி நேரத்துக்கு அது ஈடாகாது. பழைய ஏற்பாட்டின் உபாகமம் 6-ஆம் அதிகாரமும் கற்பித்தலின் களமாகக் காட்டுவது வீட்டில் உட்காரும் நேரத்தையும், வழிநடையையும், படுக்கையையும், விழிப்பையுந்தான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். ஒரு கல்விக்கூடத்தையும் அங்கே குறிப்பிடவில்லை.

அப்படியிருக்க, விசுவாசத்தை வளர்ப்பது சபையின் வேலை என்றும், பிள்ளையை ஞாயிறன்று கொண்டுவந்து விடுவதோடு பெற்றோரின் கடமை முடிகிறது என்றும் இப்பகுதியில் ஓர் எண்ணம் எவ்வாறு வேரூன்றியது? பெற்றோரின் அசட்டை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது, அது நியாயமாகாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1544-இன் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடலோரத்தில் ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் முக்குவருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் எழுதுகிறார். திருமுழுக்குப் பெற்றவர்களின் வீட்டில் வழிவழியாக வந்த கிறிஸ்தவ மரபு எதுவும் கிடையாது. ஆகவே அவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழாக்கிய மந்திரங்களை மனப்பாடம் செய்வித்து, வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அது, பதினாறே பக்கம். அச்சு வரலாற்றில் அதன் இடத்தை அனைவரும் அறிவர். அது எதற்காக அச்சிடப்பட்டது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப்பார்ப்பதில்லை. வீட்டிலும் ஊரிலும் சொல்லிப் பழக வேண்டிய அடிப்படை ஜெபங்களும் போதனைகளுமே அதன் உள்ளடக்கம். தமிழ் அச்சின் முதற்பயனே விசுவாசத்தைக் கைமாற்றுவதற்கான துணைக்கருவியாக அமைந்தது.

உள்நாட்டு ஊர்களில் இதே வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்ப நிகழ்ந்தது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, 1818 முதல் நாகர்கோவிலை மையமாக்கிய மீட் ஆகியோரைத் தொடர்ந்து லண்டன் மிஷன் சங்கத்தின் பணி மேற்கே பரவிப் பாறசாலையில் ஒரு மிஷன் மாவட்டமாக நிலைகொண்டது. அங்கே பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் இருபத்திரண்டு ஆண்டுத் திருவிதாங்கூர் அனுபவங்களை 1870-இல் நூலாக்கினார். சபையில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் எழுத்தறிவு மறுக்கப்பட்ட சாதியினர். இங்கிலாந்தின் குளொஸ்டரில் 1780-இல் இராபர்ட் ரேக்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியே, வாரநாளில் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவூட்டத் தோன்றியதுதான். தென்திருவிதாங்கூரிலும் பள்ளியும் ஜெபவீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தவர் பல இடங்களில் பிள்ளைதான், பெற்றோர் கேட்டவர்கள்.

ஆகவே இங்கே விசுவாசம் முதலில் சபையிலிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிலிருந்து பெற்றோருக்கும் சென்றது. இன்று நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான திசை அது. அக்காலத்துக்கு அது தேவையாக இருந்தது. பெரும் விடுதலையாகவும் இருந்தது. திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கான அரசாணை வந்தது. அந்தப் போராட்டங்களின் நடுவே வேதத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை, வீட்டுக்கு வேதத்தோடு மானத்தையும் எடுத்துச் சென்றது. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு வழக்கத்தையும் விட்டுச்சென்றது. 'அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், நாம் பெற்றுக்கொள்பவர்கள்' என்ற மனநிலையே அது. உபதேசியார் ஜெபித்தால்தான் ஜெபம், போதகர் சொன்னால்தான் விளக்கம் என்று வீடு தன் வாயைத் தானே கட்டிக்கொண்டது. எழுத்தறிவு பரவிய பின்னும் அந்தக் கட்டு முழுதாக அவிழவில்லை.

அதே காலத்தில், அதே திருப்புறத்தில், வேறொரு வகைத் துணையும் பிறந்தது. மலையாளக் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் முன்னோடிகளுள் ஒருவரான மோச வத்சலம் சாஸ்திரிகள் 1847-இல் பிறந்த ஊர் திருப்புறம். கருநாடக இசை பயின்ற அவர் லண்டன் மிஷன் சபைகளுக்காக மலையாளத்தில் கீர்த்தனைகள் இயற்றினார், 1916-இல் மறைந்தார். கடவுளின் சித்தப்படி தன்னை நாள்தோறும் நடத்தும்படி வேண்டும் அவருடைய கீர்த்தனை, சபைப் பிரிவு பாராமல் கேரளம் முழுவதும் பாடப்படுகிறது. பாடுவோரில் பலருக்கு அதை எழுதியவர் யார், எந்த ஊரார் என்பது தெரியாது. வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த தமிழ்க் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்த தென்திருவிதாங்கூர்ச் சபைகளில், மலையாளம் பேசும் வீடுகளுக்குத் தம் மொழியிலேயே, தம் காதுக்குப் பழகிய இராகத்திலேயே பாட்டுக் கிடைத்தது பெரிய காரியம்.

அவர் பிறந்த அதே 1847-இல் அமெரிக்காவில் ஹோரஸ் புஷ்னெல் கிறிஸ்தவ வளர்ப்பைப் பற்றிய தம் சொற்பொழிவுகளை வெளியிட்டார். பிள்ளை ஒருநாள் திடீரென மனந்திரும்பும்வரை காத்திருப்பதை அவர் மறுத்தார். தொடக்கத்திலிருந்தே தன்னைக் கிறிஸ்தவனாக அறிந்து வளரும் சூழலை வீடு தர வேண்டும் என்பது அவர் வாதம். அந்த நூலைத் திருப்புறத்தில் எவரும் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டிலை ஆட்டும்போதும் மரச்சீனி உரிக்கும்போதும் ஒரு தாய் முணுமுணுக்கக்கூடிய கீர்த்தனை, அந்த நூல் விளக்கியதை நடத்திக்காட்டியது. அதற்கு எழுத்தறிவு வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பிள்ளையைச் சபைக்கு அழைக்காமலே சபை வீட்டுக்குள் சென்றது.

இதில் மொழி பற்றிய ஒரு பாடமும் இருக்கிறது. மொழி மாறினால் விசுவாசமும் தொலைந்துவிடும் என்ற அச்சம் எல்லையோரத்தில் முதியோரிடம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் பிள்ளைகள் மலையாளத்திலும் அப்பால் தமிழிலும் படித்தனர். தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயம் 1959-இல் இரண்டாகி, கன்னியாகுமரிப் பேராயம் தனியாயிற்று. அக்காளும் தங்கையும் எல்லையின் இரு பக்கமும் வாழ்க்கைப்பட்ட குடும்பங்களில் அடுத்த தலைமுறை ஒரே சங்கீதத்தை இரு மொழியில் கற்றது. ஆனால் மொழி மாறியதால் மட்டும் எதுவும் அறுந்துவிடவில்லை. மோச வத்சலம் போன்றோர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பொறுப்போடு சுமந்து சென்றதால் அது பிழைத்தது. சுமப்பார் இல்லாதபோதுதான் அறுகிறது.

சொற்களைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். விசுவாசம், சுவிசேஷம், கிருபை, ஸ்தோத்திரம், ஆத்துமா, இரட்சிப்பு ஆகியவை பழைய தமிழ் வேதாகமத்தின் சொற்கள். வடமொழிச் சுமை மிக்கவை என்று தமிழறிஞர் பலர் அவற்றைக் குறைகூறியிருக்கிறார்கள். 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் நற்செய்தி, அருள், ஆண்டவர் என்ற தூய வழக்கைத் தேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தும். ஆனால் எல்லையோரத்தில் குறைகூறப்பட்ட அந்தச் சொற்களே பாலமாக நிற்கின்றன. அம்மச்சியின் விசுவாசமும் கிருபையும் சுவிசேஷமும் சிறு ஒலிமாற்றத்தோடு பேரனின் மலையாளத்திலும் இருக்கின்றன. அவன் கேட்டு விழிக்கும் அந்த ஜெபத்தில் பாதிச் சொற்கள் அவனுக்குத் தெரிந்தவை. தெரிந்தவை என்று அவனுக்கு எவரும் சுட்டிக்காட்டவில்லை. 'ஜெபம்' என்றால் 'பிரார்த்தன' என்று ஒருவர் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும், கதவு பாதி திறந்திருக்கும்.

சமூகவியல் ஆய்வும் இவ்விடத்தில் கைகொடுக்கிறது. வெர்ன் பெங்ட்சன் தலைமையிலான குழு 1970-இல் தெற்குக் கலிபோர்னியாவில் 350-க்கு மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள் நீண்ட அந்த ஆய்வின் முடிவுகள் 2013-இல் நூலாயின. பெற்றோரின் பக்தித் தீவிரமோ கண்டிப்போ மட்டும் பிள்ளைகளிடம் சமயப்பற்றைக் கொண்டுசேர்ப்பதில்லை. பெற்றோரோடு, குறிப்பாகத் தந்தையோடு, பிள்ளைக்கு இருக்கும் அன்பின் நெருக்கமே பெரிதும் கொண்டுசேர்க்கிறது என்பது அதன் முதன்மையான கண்டறிதல். தாத்தா பாட்டியின் பங்கு பொதுவாக எண்ணப்படுவதைவிடப் பெரிது என்பது மற்றொன்று. அமெரிக்கத் தரவை அப்படியே திருப்புறத்துக்குக் கொண்டுவர முடியாது. எனினும், தந்தை கடல்கடந்து இருப்பதும் பாட்டியின் மொழி பேரனுக்கு எட்டாததுமான ஒரு வீட்டுக்கு, எந்த இரு இழைகள் மெலிந்திருக்கின்றன என்பதை அது துல்லியமாகக் காட்டிவிடுகிறது.

அப்படியானால் சபை செய்யக்கூடியது என்ன?

முதலாவது, பாட்டியையும் பேரனையும் ஒருவருக்கொருவர் கேட்கச் செய்வது. தமிழ் ஜெபங்களையும் கீர்த்தனைகளையும் மலையாள எழுத்தில் அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தில் மலையாளப் பொருளையும் தந்தால் பத்துப் பக்கச் சிறுநூல் ஒன்று போதும். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பதினாறு பக்கத்தில் கொல்லம் செய்ததை இன்று ஒரு சேகரம் செய்வது கடினமா? திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் எழுத்துத் தேர்வுக்கு விடை மனப்பாடம் செய்வதற்கு மாற்றாக, வீட்டு முதியவர் ஒருவரின் ஜெபத்தைக் கைப்பேசியில் பதிந்து, அவரிடமே கேட்டு ஒவ்வொரு வரிக்கும் பொருள் எழுதிவரலாம். ஓர் ஆண்டில் ஒரு சபையின் வாய்மொழி ஜெபமரபு முழுவதும் அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தில் சேர்ந்துவிடும். மொழி ஆவணப்படுத்தலில் களப்பணியாளர் செய்யும் வேலைதான் இது. இங்கே பயன்பெறுவது முதலில் அந்த வீடு.

இரண்டாவது, தந்தையரை நினைப்பது. சபையின் வளர்ப்புப் பணி ஏறத்தாழ முழுவதும் தாய்மாரின் தோளில் இருக்கிறது. பெண்கள் சங்கம் கூடுகிறது, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களில் பெண்களே மிகுதி, பிள்ளை வழிதவறினால் கேள்வி கேட்கப்படுவதும் தாய்தான். வெளிநாட்டில் உள்ள தந்தைக்குச் சபை அனுப்புவது பெரும்பாலும் கட்டட நிதி வேண்டுகோளாக இருக்கிறது. அதே கைப்பேசி எண்ணுக்கு, இந்த வாரம் உங்கள் மகன் படித்த கதை இது, அழைக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று இரண்டு வரி அனுப்பலாம். உள்ளூரிலேயே இருந்தும் குடியால் வீட்டுக்குத் தூரமானவர்களின் நிலை வேறு. அங்கே சபையின் முதல் உதவி, குடிநோய்க்கு மருத்துவம் தேடித்தருவதும் அடிபடும் பெண்ணுக்குப் பக்கமாக வெளிப்படையாக நிற்பதும்தான். அடி விழும் வீட்டில் குடும்ப ஜெபத்தை வலியுறுத்துவது, ஜெபத்தின் மீது பிள்ளைக்கு ஆயுள்முழுதும் கசப்பை ஊட்டுவதாகும்.

மூன்றாவது, பரிசுகளைக் குறைத்துக் கேள்விகளைக் கூட்டுவது. மனப்பாட வசனப் போட்டி, வேதாகம வினாடி வினா, தேர்வு, சான்றிதழ், கேடயம் என்று வளர்ந்த முறை, ஏற்கெனவே டியூஷனில் களைத்த பிள்ளைக்கு மேலும் ஒரு மதிப்பெண் பட்டியலைத் தருகிறது. தேர்வில் கேட்கப்படுபவை விடை தெரிந்த கேள்விகள். பிள்ளைகள் வீட்டில் கேட்பவையோ வேறு. உடன்படித்த தோழன் இந்து, அவன் நரகத்துக்குப் போவானா. எல்லாரும் ஜெபித்தும் தாத்தா ஏன் இறந்தார். ஒரே கர்த்தர் என்றால் ஏன் இந்த ஊரில் இத்தனை கோயில். பெற்றோர் அதட்டி அடக்குவது தமக்கு விடை தெரியாததால்தான். விடை தெரியாமலே பிள்ளையோடு உட்கார்ந்து யோசிக்கலாம், அது பாவம் அல்ல என்ற துணிவைப் பெற்றோருக்குத் தருவதே சபை நடத்தக்கூடிய சிறந்த பெற்றோர் வகுப்பு.

நான்காவது, வரலாற்றைச் சொல்வது. இது எல்லாவற்றிலும் கடினம். எல்லையோரக் கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தன் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி சாதிச் சான்றிதழ் வாங்கும் நாளில் எழுகிறது. 1908-இல் உருவாகி 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துவிட்ட தென்னிந்திய ஐக்கிய சபையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம், 'எஸ்.ஐ.யூ.சி. நாடார்' என்று கேரள அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இன்றும் உயிரோடிருக்கிறது. சபை மறைந்தும் அதன் பெயர் சாதிப் பெயராகத் தொடர்கிறது. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தோரின் நிலை இதைவிட நெருக்கடியானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகப் பதிவானோர் பட்டியல் சாதி உரிமையை இழக்கின்றனர். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அந்த வரம்பு தளர்ந்தது, கிறிஸ்தவருக்குத் தளரவில்லை. இதனால் தாளில் ஒன்றும் ஜெபத்தில் ஒன்றுமாக வாழ நேர்ந்த குடும்பங்களின் பிள்ளைக்கு முதல் சமயப்பாடமே 'இதை வெளியே சொல்லாதே' என்பதாகிவிடுகிறது.

அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்லாதே என்று பத்துக் கட்டளைகளைக் கற்பிக்கும் சபை, அந்தப் பொய்யை அதன்மீது சுமத்தியது யார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. கூடவே, தன் கல்லறைத் தோட்டத்திலும் கமிட்டியிலும் திருமணப் பேச்சிலும் சாதி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் அது மறைக்கக் கூடாது. நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியதும், வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் பள்ளி நுழைவுக்குப் போராடியதும் இதே நெய்யாற்றின்கரை வட்டாரத்தில்தான். மானத்துக்காக நடந்த பெரும்போராட்டத்தின் ஒரு கிளையாகத் தன் பாட்டன்மாரின் விசுவாசம் இருந்தது என்று அறியும் பிள்ளைக்கு, அது வெட்கப்படவோ மறைக்கவோ வேண்டியதாகத் தோன்றாது. அயலாரின் விசுவாசத்தைப் பழிக்கவும் தோன்றாது.

ஐந்தாவது, எல்லாக் குடும்பங்களையும் குடும்பமாக எண்ணுவது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. அந்த அழகிய சொல் தாய், தந்தை, இரு பிள்ளைகள் கொண்ட படத்தையே பலர் மனத்தில் எழுப்புகிறது. கணவனை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், வேறு சமயத்தவரை மணந்தவர், பேரப்பிள்ளையை மட்டும் வைத்து வளர்க்கும் முதியவர் ஆகியோரின் வீடுகளும் இல்லத் திருச்சபைகளே. திருமுழுக்கில் பெற்றோரோடு ஞானப்பெற்றோரும் சபையும் அந்தக் குழந்தைக்குப் பொறுப்பேற்கின்றனர். அந்த வாக்கு ஆராதனை முடிந்ததும் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஞானப்பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பிள்ளையோடு அமர்ந்து உண்ண வேண்டும் என்று ஒரு சபை வழக்கம் ஏற்படுத்தினால், தனித்து நிற்கும் தாய்க்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

இவ்வளவையும் செய்தால் பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைப்பார்களா? உறுதி எதுவும் கிடையாது. மொழியைக் கைமாற்றும் தாயும் தன் பிள்ளை எந்த மொழியில் காதலிக்கும், எந்த மொழியில் கவிதை எழுதும் என்று தீர்மானிக்க முடியாது. பிள்ளை ஒருநாள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் ஏற்பதற்கும் பொருள் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்பவனுக்கும் தான் எதை வேண்டாம் என்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். புரியாத மொழியில் தனக்காகச் செய்யப்பட்ட ஜெபத்தை ஒருவன் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது அவனை வந்தடையவே இல்லை.

அந்தி ஜெபம் முடிந்து எழுந்த கேள்விக்கு அம்மச்சி சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு. பெரும்பாலும் அவர் சிரித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மக்களே, நீ நல்லா இருக்கணும்ணு சொன்னேன்" என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டு எழுந்துவிடுவார். அது உண்மைதான், முழு உண்மை அல்ல. முழுவதையும் சொல்ல அவருக்கு மலையாளம் போதாது, அவனுக்குத் தமிழ் போதாது. அடுத்த ஞாயிறு அந்தப் பேரனின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, அம்மச்சியிடம் கேட்டு எழுதி வா என்று சொல்ல அவன் சபையில் ஒருவர் இருந்தால், அடுத்த அந்தியில் அவன் பாயில் சற்று நெருங்கி உட்காருவான்.